இருட்டறையில் ஒரு காலி நாற்காலி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஐசிரெக் என்னோடு ஆப்டோமெட்ரி படித்தவள். கதை கட்டத் தெரியாதவள். அவளுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்காக அவளை நரின் என்ற குளிர் மலையூரில் ஒரு பழைய மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இதுவும் போனால் படிப்பே போச்சு. அதனால் அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கண் சோதிக்கும் இருட்டறைக்குள் போனாள். ஜன்னலே இல்லாத அறை.

துப்புரவு வேலை பார்க்கும் புருல் அக்கா தடுத்தாள்.

"சாப்பிட வாடி. அந்த ரூம்ல தனியா என்ன வேலை?"

"எனக்குப் பதிலா நீ வந்து பரீட்சை எழுதுவியாக்கா? போ, வர்றேன்."

மணி 1.10. விளக்கை அணைத்தாள். மேசை மேல் பொம்மைக் கண். அதற்குள் ரெட்டினாஸ்கோப் என்ற கைக்கருவியின் ஒளியைப் பாய்ச்சினாள். கண்ணின் பாப்பாவிலிருந்து சிவப்பாக ஓர் ஒளி திரும்பி வரும். அதை வைத்துத்தான் பார்வையை அளப்பார்கள்.

1.18. கை சற்று விலகியது. ஒளி, நோயாளிகள் உட்காரும் காலி நாற்காலிப் பக்கம் போனது.

அங்கேயும் சிவப்பு. இரண்டு புள்ளிகள். உட்கார்ந்த ஆளின் கண் உயரத்தில்.

லென்ஸ் பெட்டியின் பளபளப்பாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி காட்டினாள்.

புள்ளிகள்... இமைத்தன.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. சுவிட்சைத் தட்டினாள். டிக்... டிக்... விளக்கு எரியவில்லை. அறை ஐஸாகக் குளிர்ந்தது.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"கூப்பிடுறேன்னு சொல்லிட்டுப் போனீங்க..."

பெண் குரல். அதில் கோபமே இல்லை.

"யா... யாரு?"

"கண்ணு கூசுது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

கதவை அடித்தாள். கத்தினாள். யாரும் வரவில்லை.

1.31. குரல், சுவரில் இருந்த கண் சோதனை எழுத்துப் பலகையைப் படிக்க ஆரம்பித்தது. ஷ... ப... ம... ந...

கும்மிருட்டில்.

ஒவ்வொரு வரிக்கும் குரல் கிட்டே வந்தது.

கடைசி வரி... காதோரம்.

"சரியா படிச்சேனா?"

எப்படியோ சொன்னாள்.

"சரியா படிச்சீங்கக்கா. பார்த்தாச்சு. வீட்டுக்குப் போங்க."



காலடிகள் அவளைக் கடந்தன.

கதவு தானாகத் திறந்தது.

1.40.

வெளியே புருல் அக்கா, கையில் வாளியோடு.

"ஏன்டி இப்படி வெளிறிப் போயிருக்க?"

"கதவு... பூட்டிக்கிச்சு."

"அதுக்குப் பூட்டே கிடையாதேடி."

ஐசிரெக் எல்லாவற்றையும் சொன்னாள். புருல் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

தேர்வில் ஐசிரெக் தேறினாள். ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் புருல் வாய் திறந்தாள்.

"தொண்ணூறுகள்ல ஒரு குளிர்காலம். ஊருல நிலக்கரி இல்ல, ஹீட்டர் ஓடல. கிராமத்துல இருந்து வந்த ஒருத்திக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டு, 'உட்காருங்க, கூப்பிடுறேன்'னு அந்த ரூம்ல உட்கார வச்சாங்க. மறுநாள்ல இருந்து புதுவருஷ லீவு. மறந்துட்டுப் போயிட்டாங்க. நாலாம் நாள் போய்ப் பார்த்தா... நாற்காலியிலயே விறைச்சுக் கிடந்தா."

"கதவைத் தட்டலையா?"

"தட்டவே இல்ல. பூட்டில்லாத கதவுதானே, எழுந்து தள்ளியிருந்தாலே வெளியே வந்திருக்கலாம். கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்திருக்கா."