ஞாயிற்றுக்கிழமை அக்கா

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ஆறு பேர் வேலை பார்க்கிறோம். அதில் ஐந்து பேர் சாதாரண மனிதர்கள். ஆறாவது ஆள் ஞாயிற்றுக்கிழமை அக்கா. பத்து வருடமாக நாங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமையும் லேபில் ஒருவர் இருந்தாக வேண்டும். வருகிறவருக்கு அதற்குப் பதிலாகப் புதன்கிழமை விடுமுறை. ஆறு பேரும் முறை வைத்து வரவேண்டும் என்பது விதி. ஆனால் யாருடைய முறை வந்தாலும் அக்கா முந்திக்கொள்வார். "உனக்குப் பிள்ளைங்க இருக்கு. வாரத்துல ஒரு நாளாவது அதுங்க மூஞ்சியைப் பாரு. எனக்கென்ன, நானும் அவரும் மட்டும்தானே" என்பார். கேட்டவர்களுக்குக் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு அட்டவணையில் தன் பெயரை அடித்துவிட்டு அக்கா பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். எவ்வளவு கலங்கினாலும் யாரும் வேண்டாம் என்று மட்டும் சொன்னதில்லை.

போன மாதம் லேபுக்குப் புதிதாக ஒரு பொறுப்பு டாக்டர் வந்தார். அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா ஞாயித்துக்கிழமையும் இந்த அம்மா பேர்தான் இருக்கு. மத்தவங்க மனுஷங்கதானே?" என்று கேட்டார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றே ஒரு கடிதம் தயாரானது. இனி ஒரு வருடத்துக்கு அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, மற்ற ஐந்து பேரும் பகிர்ந்துகொள்கிறோம் என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பது ஒரு காரணம். புது டாக்டரிடம் எனக்கும் கொஞ்சம் நல்ல பெயர் வேண்டியிருந்தது என்பது இன்னொரு காரணம்.

பூங்கொத்தோடு கடிதத்தைக் கொடுத்தபோது அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஊசியைக் கண்ட பிள்ளைகள் முகம் அப்படித்தான் போகும். "எதுக்கு இதெல்லாம்? என்னால முடியுது, நானே பாத்துக்கறேனே" என்றார். நாங்கள் விடவில்லை. அவர் மறுக்க மறுக்க எங்கள் மதிப்பில் இன்னும் உயர்ந்துகொண்டே போனார். "இந்தப் பெருந்தன்மையைத்தான் எல்லாரும் கத்துக்கணும்" என்று சொல்லி டாக்டர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் கை தட்டினோம்.

கூட்டம் கலைந்ததும் அக்கா என்னை சாம்பிள் வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "பாவி, என் குடியைக் கெடுத்துட்டியே" என்றார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அக்காவுக்கு மூன்று நாத்தனார்கள். கல்யாணமான புதிதில் ஞாயிறு தவறாமல் புருஷன் பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். மொத்தம் பதினான்கு தட்டு. பெரியவர் அலமாரியைத் திறந்து துணியை மடித்த விதத்தில் குறை கண்டுபிடிப்பார். நடுவில் உள்ளவர் சமையலில் கண்டுபிடிப்பார். கடைசி நாத்தனார் அக்காவிடமே கண்டுபிடிப்பார். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அக்கா, லேபில் யாரோ ஒருத்திக்கு ஞாயிறு வர முடியவில்லை என்றதும் தாவிப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவே இல்லை. போதாததற்குப் புதன்கிழமை வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விடுவார். வீடு முழுக்க அக்காவுக்கு மட்டும்.

"அவரை நினைச்சாத்தான் பாவமா இருக்கும். அத்தனை பேரையும் தனியா சமாளிக்கிறாரே. அதான் சனிக்கிழமை சாயங்காலமே பதினாலு பேருக்குக் காய் நறுக்கி வெச்சிடுவேன். ஞாயிறு நான் திரும்பி வரும்போது அத்தனை பாத்திரமும் கழுவி கவுத்தி இருக்கும். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. பெரியக்காவுக்கு முழங்கால் வலியாம், சின்னக்கா பொண்ணு கண்ணாடி போட்டிருக்காளாம்னு சொல்லுவாரு, அவ்வளவுதான்."

"இதை எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா என்னை மதிப்பீங்களா?"

அந்த ஞாயிறு லேபுக்கு நான் வந்தேன். அக்கா வீட்டில் நடந்ததைத் திங்கட்கிழமை அவரே சொன்னார்.

காலையிலேயே எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பத்து வருடத்துக்கு முந்தைய போருக்கு மறுபடி தயாராகியிருக்கிறார். வீட்டுக்காரர்தான் நிலைகொள்ளாமல் தவித்தாராம். "கடைக்கு எதுவும் போகணுமா? எங்கயாவது வெளிய போயிட்டு வாயேன்" என்று இரண்டு தடவை சொன்னாராம். பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு அக்கா கதவைத் திறந்தார். நின்றது எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன். கையில் பெரிய பாத்திரம்.

"ஐயா இல்லைங்களாம்மா? நறுக்கின காய் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன். ஐயா புண்ணியத்துல பத்து வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்ல எல்லாரும் வயிறாரச் சாப்பிடறோம். அந்த மாதிரி தர்மவானை எங்கம்மா பாக்கறது?"

அக்கா பதினான்கு பேருக்கு நறுக்கிய காயையும் எடுத்துக் கொடுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு தர்மவானிடம் போனார்.

"உங்க அக்காங்க எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க."

"இன்னைக்கா?"

"நீ ஞாயித்துக்கிழமை போக ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே சொல்லிட்டேன். அவ இல்லாத நேரத்துல வந்தா நல்லா இருக்காதுன்னு. ஃபோன்ல பேசிக்கறோம்."

உறவில் ஏதாவது கல்யாணம் என்று பார்க்கும்போதெல்லாம் நாத்தனார்கள், ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கிறாயே என்று உருகுவார்களாம். குற்ற உணர்ச்சியில் அக்கா பேச்சை மாற்றிவிடுவாராம். அது இப்போது ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பொய் சொல்ல நேரமில்லாத மனிதர் உண்மையைத்தானே சொல்ல முடியும். "சொன்னா நீ வீட்ல இருப்பியே" என்றார்.

மத்தியானம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். இன்னும் கொஞ்சம் போடவா என்பதைத் தவிரப் பேச்சே இல்லையாம்.

"காயை விடு. நான் அவங்களுக்குப் பயந்து ஓடினேன். அந்த மனுஷன் என்னைக் கண்டுல்ல பயந்து உக்காந்திருந்திருக்காரு" என்றார் அக்கா.

"புதன்கிழமை உங்களுக்கு எப்படியோ, அப்படித்தானேக்கா அவருக்கு ஞாயித்துக்கிழமையும்?"

"அது தெரியுது. தெரிஞ்சா வலிக்காதா?"

எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வர்ற ஞாயிறும் உன் பேர்தான் போட்டிருக்கு. யாருக்கும் தெரிய வேண்டாம், அதை மட்டும் எனக்குக் கொடுத்துடு. அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இன்னொரு நாள் முழுக்க என்னால உக்கார முடியாது."

அடுத்த ஞாயிறு என் முறையே இல்லை. அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் இன்னொருத்தியிடம், "உங்க மாமியாருக்கு உடம்பு முடியலைன்னீங்களே, நான் வர்றேன்" என்று வலியப் போய் வாங்கியிருந்தேன். காரணம் இருக்கிறது. என் முதல் ஞாயிற்றுக்கிழமையில் மொத்தமே ஒன்பது ரத்த டியூப்தான் வந்தது. சாதாரண நாளில் இருநூறு வரும். பிள்ளைகள் பிறந்த பிறகு முதல் தடவையாகச் சாப்பாட்டை ஆறுவதற்குள் சாப்பிட்டேன். யாரும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. இரண்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் சேர்த்துப் போட்டு ஒன்றரை மணி நேரம் தூங்கினேன். புதன்கிழமை வேறு காத்திருக்கிறது.

"வேண்டாம்க்கா. பத்து வருஷம் எங்களுக்காக ஓடா தேஞ்சீங்க. இனிமேலாவது நீங்க வீட்ல நிம்மதியா இருக்கணும். இந்தக் கஷ்டமெல்லாம் எங்களோட போகட்டும்" என்றேன். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. வரவழைத்துக்கொண்டது இல்லை, தானாகவே வந்தது.

அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பிடித்திருந்த கையை விட்டார்.

"நாற்காலியை ஜன்னல் பக்கமா போட்டியா?" என்று கேட்டார்.

"எங்கேக்கா, உக்காரவே நேரமில்ல" என்றேன்.