டிக்கியில் இருப்பவன்

ஒயரிங்காரருக்குச் சத்தம் ஆகாது. டேஷ்போர்டுக்குள் ஒரு கிளிப் தளர்ந்து நடுங்கினாலும் அதைத் தேடிப் பிடித்து, துணி நாடா சுற்றிய பிறகுதான் வண்டியை ஒப்படைப்பார். "இவரு வண்டி பார்க்கிறதில்ல, நாடி பார்க்கிறாரு" என்று பக்கத்துப் பட்டறையில் ஒடுக்குத் தட்டும் டிங்கர் கிண்டல் செய்வார். ஊரார் வண்டிக்கெல்லாம் விளக்குப் போடும் அவருடைய சொந்தக் காரில் மட்டும் உள்விளக்கு எரியாது. பார்க்க நேரம் இருந்ததில்லை.

அது பழைய கார். ஆறு சிடி போடுகிற சேஞ்சர் ஒன்று டிக்கியின் இடப்பக்கச் சுவரில் நின்றவாக்கில் பொருத்தப்பட்டிருந்தது. முன்னால் பட்டனை அமுக்கினால் பின்னால் பாட்டு மாறும். வாங்கிய புதிதில் அதன் இரைச்சல் பொறுக்காமல் ஒயரிங்காரர் அதைச் சுற்றிக் கம்பளி ஒட்டிவைத்திருந்தார்.

வாரத்தில் மூன்று நாள் காலையில் மாமனாரை அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். கிழவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு ஊசி போடுவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து வழி செய்திருந்தார்கள். அந்தக் கையில் அடிபடக் கூடாது. ஞாபகமும் போய்விட்டதால் இதை அவருக்குச் சொல்லிப் பயனில்லை. வண்டி நின்றால் கதவைத் திறக்கப் பார்ப்பார். பூட்டிவைத்தால் கண்ணாடியைக் குத்துவார். முதலில் கிழவரின் மகள், ஒயரிங்காரரின் மனைவிதான் பின்சீட்டில் கூட உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காரில் பாட்டுப் போட்டால் அப்பா அடங்கி உட்காருகிறார் என்று தெரிந்த பிறகு அவள் விட்ட தையல் வேலைக்குத் திரும்பப் போனாள்.

ஒரு சிடி முடிந்து அடுத்தது ஏறும்போது, கம்பளியையும் மீறிப் பின்னாலிருந்து மெல்ல "கர்ர்... டக்" என்று கேட்கும். கிழவர் தலையைத் தூக்குவார்.

"மாத்துறான்."

"ஆமா மாமா."

"கெட்டிக்காரப் பய. ஒருநாள்கூட லீவு போடல பாருங்க மாப்பிள்ள."

"இல்ல மாமா."

ஒயரிங்காரர் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொல்வார். கிழவர் பேசுவதில் பாதி அப்படித்தான் காற்றோடு போகும்.

ஒருநாள் சேஞ்சர் நின்றுபோனது. கழற்றி லென்ஸைத் துடைத்துப் பார்த்தார். தேறவில்லை.

"கை கால் எல்லாம் ஓடுது. கண்ணுதான் போயிடுச்சு" என்றார் டிங்கரிடம்.

"வேற சேஞ்சர் கெடைக்காதா?"

"கெடைக்கும். அதுவும் இதே வயசுதான்."

எனவே புது ஏற்பாடு செய்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. சேஞ்சரின் வயரைப் பிடுங்கி அதில் செருகினால், ஸ்டீரியோ அதையே சேஞ்சர் என்று நம்பிவிடும். ஆறு சிடியின் பாட்டையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பெட்டியில் சொருகினார். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே இல்லை. டிக்கியிலிருந்து ஒரு சத்தம் இல்லை. டிங்கர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பிரமாதம்ணே" என்றார். செத்த சேஞ்சர் பட்டறை அலமாரிக்குப் போனது.

மறுநாள் காலை பாதி வழிவரை ஒன்றுமில்லை. பிறகு கிழவர் தலையைத் தூக்கினார். காத்திருந்தார்.

"மாப்பிள்ள, அவன் எங்க?"

"யாரு மாமா?"

"பின்னாடி இருப்பானே."

"பாட்டுத்தான் ஓடுதே."

"அது ஓடுது. அவன எங்க எறக்கி விட்டீங்க?"

ஒயரிங்காரர் ஏதோ சமாதானம் சொன்னார். கிழவர் கதவைப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை. "வண்டிய நிறுத்துங்க, அவன் நடந்து வருவான்!" என்று கண்ணாடியைக் குத்தினார், அதுவும் இடது கையால். ஓரம்கட்டிப் பின்கதவுக்கு ஓடுவதற்குள் முழங்கைக்குக் கீழே சிவந்துவிட்டது.

நர்ஸ் அந்தக் கையில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டாள். "இன்னிக்குத் தப்பிச்சது. இது அடைஞ்சா வேற எடத்துல வழி பண்ணணும், இவரு ஒடம்பு தாங்காது. பக்கத்துல ஆள் இல்லாம கூட்டிட்டு வராதீங்க."

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான் அப்பா அடங்குவாருன்னு தெரியாதா உங்களுக்கு?"

"பாட்டுக்கு அடங்குறாருன்னு நெனச்சேன்."

"பாட்டு வீட்லயும்தான் பாடுது. எங்க அடங்குறாரு?" ஒரு சட்டையை உதறினாள். "நான் வேலைய விட்டுடறேன். வேற என்ன பண்றது?"

"ரெண்டு நாள் பொறு."

"விட்ட வேலைய ராத்திரி பார்த்துப் பார்த்து, நீங்க தூங்கியே நாலு நாள் ஆன மாதிரி இருக்கு. பொறுன்னு யாருக்குச் சொல்றீங்க?"

முதலில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து பாட்டுக்கு நடுவில் சேர்த்துப் பார்த்தார். கிழவரை வாசலில் வண்டிக்குள் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். ஸ்பீக்கரில் வந்த "டக்"கை அவர் சட்டை செய்யவே இல்லை. டிக்கியைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அதனால் அலமாரியில் இருந்த சேஞ்சர் பழைய இடத்துக்கே வந்தது. அதற்குக் கரண்ட் மட்டும் கொடுத்தார். பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கரண்ட் வந்ததும் அது ஒரு தட்டை இழுக்கும், சிடி இருக்கிறதா என்று தடவும், தெரியாமல் திரும்ப வைக்கும். சரியான நேரத்தில் அது தானாக நடக்க வழியில்லை. கியருக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்தார். கடைசியாக, தானே ஒட்டிய கம்பளியைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்.

"ஏண்ணே, செத்ததுக்கா கரண்ட் குடுக்குறீங்க?" என்றார் டிங்கர்.

"சத்தத்துக்கு."

"சத்தத்துக்கா! நீங்களா?" டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த முறை, கையைப் பிடித்துக்கொள்ள மனைவியும் பின்சீட்டில் வந்தாள். ஒரு சிடிக்குரிய ஆறு பாட்டு முடிந்ததும் ஒயரிங்காரர் சுவிட்சை அமுக்கினார். கர்ர்... டக்.

"வந்துட்டான்" என்றார் கிழவர். அவள் மெதுவாகக் கையை விட்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை அது அவர் மடியிலேயே கிடந்தது. மறுவாரம் அவள் வேலைக்குப் போனாள்.

இப்போது ஒயரிங்காரர் கிளட்ச், கியர், பிரேக்கோடு பாட்டையும் எண்ணியபடி ஓட்டுகிறார். ஒருநாள் சிக்னலில் நிற்கையில் கண் சொருகிவிட்டது.

"என்ன, தூங்கிட்டானா?"

திடுக்கிட்டுச் சுவிட்சை அமுக்கினார். கர்ர்... டக்.

"எழுந்துட்டான்" என்று கிழவர் சாய்ந்துகொண்டார். "பாவம், அவனும் எவ்வளவுதான் செய்வான்? மாத்தி விட வேற ஆளு இல்லையா மாப்பிள்ள?"

"இல்ல மாமா. அவன் ஒருத்தன்தான்."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஒயரிங்காரர் கியரை மாற்றிவிட்டு, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் அந்த இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.