ஏரியைப் பார்த்த தெற்கு வாசல்

எனக்குப் பொறாமையே வராது என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்தவள் புடவை, நகை, அவள் பிள்ளை வாங்கிய மார்க், எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. வந்த வேகத்தில் போயும் இருக்கிறது. ஒரு வீட்டின் மேல் வந்ததுதான் என்னை வருஷக்கணக்கில் பாடாய்ப் படுத்தியது.

அப்போது சேலையூரில் வாடகைக்கு இருந்தோம். கீழ்ப்போர்ஷனில் ஓர் அக்கா, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரும் அவர் கணவரும் எங்களைப் போலவே சொந்த வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சிலிருந்து வந்ததும் நாலு பேரும் சேர்ந்து கிளம்புவோம். பில்டர் அனுப்பும் கார் தாம்பரத்தில் ஏற்றிக்கொள்ளும். மாடல் வீட்டைச் சுற்றிக் காட்டி, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பெரும்பாக்கம் பக்கம் பார்த்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி வரைக்கும் பார்த்தோம். எங்கே போனாலும் முதலில் ஸ்விம்மிங் பூலைத்தான் காட்டுவார்கள். எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆனாலும் ஓரத்தில் நின்று ஆழம் எவ்வளவு என்று மறக்காமல் விசாரிப்போம்.

உங்கள் லைஃப்ஸ்டைலுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து வாங்குங்கள் மேடம் என்று ஒரு விற்பனை ஆள் சொன்னார். எனக்கு என்ன பெரிய லைஃப்ஸ்டைல்? காலையில் குக்கர், அப்புறம் பொழுது சாயும் வரை கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரி பில் சரிபார்க்கிற கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஃபேக்டரி. விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவார். அவருக்கு வீடு தூங்குகிற இடம். எனக்கு அதுதான் ஆபீஸ், அதுதான் ஊர், எல்லாம்.

கடைசியில் கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு குடியிருப்பு. அதில் பி பிளாக், நாலாவது மாடி, கடைக்கோடி வீடு. வாசற்கதவைத் திறந்தால் ஒரு நடை, நடைக்கு ஒரு கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் ஏரி. வேறொன்றும் இல்லை. நாங்கள் போன நேரம் சாயங்காலம். கதவைத் திறந்ததும் காற்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. ஹாலில் நின்றபடியே மேஜையை எங்கே போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அந்த வீட்டை முதலில் பார்த்தது நான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டியதும் நான்தான்.

என் வீட்டுக்காரருக்கும் பிடித்திருந்தது, மொபைலில் திசை பார்க்கிற வரைக்கும். அடுத்த வாரம் வாஸ்து பார்ப்பவரைச் செங்கல்பட்டிலிருந்து அழைத்து வந்தார். அந்த மனிதர் உள்ளே காலெடுத்துக்கூட வைக்கவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று காம்பஸைப் பார்த்தார், தெற்கு வாசல் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்றார், காம்பஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காற்று வருகிறதே என்றேன். காற்று வரும் அம்மா, கூடவே என்னென்னவோ வரும் என்றார். என்னென்ன என்று கேட்கவிடாமல் என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆக, நாங்கள் ஏ பிளாக்கில் வடக்கு வாசல் வாங்கினோம். எதிரே ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மொத்தக் குடியிருப்பின் சாக்கடையையும் சுத்தம் பண்ணுகிற இடம். அதை எஸ்.டி.பி. என்று நாகரிகமாகச் சொல்வார்கள்; நாற்றத்துக்கு அந்த நாகரிகம் தெரியாது. எங்கள் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

பி பிளாக் வீட்டை அக்கா வாங்கினார். வாங்குவதற்கு முன் என்னைக் கேட்காமல் இல்லை. நீ விட்டுட்டேன்னா நாங்க எடுத்துக்கட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கோங்க அக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். தெற்கு வாசல் என்று எல்லோரும் ஒதுக்கியதால் பில்டர் விலையைக் குறைத்து, சமையலறை அலமாரியையும் சும்மாவே போட்டுக் கொடுத்தார். புதுமனைப் பிரதிஷ்டைக்குப் பாஸ்டர் வந்து ஒவ்வோர் அறையாக ஜெபம் செய்தார். கடைசியில் அந்த வாசலில் நின்று, இதன் வழியாக வருகிறவர்களும் போகிறவர்களும் ஆசீர்வதிக்கப்பட வேண்டும் என்று ஜெபித்தார். கேக் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்த எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்தி என்று நினைத்திருப்பார்கள். வயிற்றெரிச்சல்.

அப்புறம் தினமும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் நெட் சரியில்லை என்று ஒரு சாக்கு. அக்கா ஒன்றும் கேட்க மாட்டார். டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அவர் அப்படி நல்லவராக இருந்தது எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது. அவர் வீட்டில் துணி அரைமணியில் காய்ந்தது. தொட்டிக் கறிவேப்பிலை மரமாக வளர்ந்தது. ஒருநாள் அவர் வீட்டு பாத்ரூம் ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். கேட் செக்யூரிட்டி அண்ணன் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"இன்னாம்மா, டெய்லி பி பிளாக்குக்கே போய்கினு கீறீங்க? வூட்ட மாத்திக்கினீங்களா?"

நெட் சரியில்லை அண்ணே என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தேன்.

போன வருஷம் அக்காவும் அவர் கணவரும் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். நான் வழக்கம்போல லேப்டாப்போடு போய் உட்கார்ந்திருந்தபோது அக்கா சொன்னார்.

"உனக்குத்தான்மா முதல்ல சொல்றேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, வேற யாருக்கும் காட்டவே மாட்டேன்."

லேப்டாப்பை அப்போதே மூடிவிட்டேன். வடக்கு வாசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க ஆள் இருக்கிறார்கள். எங்களுடையதை விற்று இதை எடுத்துக்கொள்ள ஒரு தடையும் இல்லை. இருட்டிய பிறகு வந்த என் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்ன வீட்டைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றார். கெஞ்சினேன். சண்டை போட்டேன். பேசாமல் இருந்து பார்த்தேன். அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. ஒருநாள் வலுக்கட்டாயமாக அக்கா வீட்டுக்கு இழுத்துப் போய் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். எழுப்பி எப்படி என்று கேட்டேன்.

"காத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா தெற்கு வாசல்டி."

அக்கா முடிந்த மட்டும் எனக்காகக் காத்திருந்து பார்த்தார். பிறகு விற்றுவிட்டுப் போனார்.

புதிதாக வந்தவர்கள் பால் காய்ச்சுகிறோம் என்று இரண்டு பிளாக்கையும் அழைத்தார்கள். போகக்கூடாது என்று நினைத்தேன், போனேன். அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள். அவளும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவளாம். என் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஹாலில் நிறுத்தினாள். இங்கே நில்லுங்க அக்கா, சாயங்காலம் எப்படிக் காத்து வரும் தெரியுமா, அதான் இங்கேயே மேஜை போட்டுட்டேன் என்றாள். அப்படியா என்றேன். நான் நினைத்த அதே இடம்.

பந்தியில் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெண்ணின் கணவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. தம்பி, வாஸ்து ஒன்றும் பார்க்கவில்லையா என்று மெதுவாக விசாரித்தார். பார்த்தோமே சார் என்ற அவர், பார்த்தவர் பெயரையும் சொன்னார். எங்களுக்குப் பார்த்த அதே செங்கல்பட்டுக்காரர். என் வீட்டுக்காரர் பாயசத்தைக் கீழே வைத்தார்.

"குடும்பத் தலைவருக்கு ஆகாதுன்னுதான் முதல்ல சொன்னார் சார். நாள் பூரா இங்க இருக்கப்போறது இவதானே, இவ ராசிக்குப் பாருங்கன்னேன். கன்னி ராசிக்குத் தெற்கு வாசல் ரொம்ப விசேஷமாம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தார். எந்தக் கோவிலுக்குப் போனாலும் அர்ச்சனைத் தட்டை நீட்டி என் பெயர், ராசி, நட்சத்திரம் மூன்றையும் கணீரென்று சொல்கிறவர் அவர்தான். கன்னி ராசி, அஸ்த நட்சத்திரம். ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை.

அந்தப் பெண் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. எழுந்து கை கழுவப் போனேன். கதவு திறந்திருந்தது, காற்று வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு அந்த வீடு வேண்டாமென்று ஆகிவிட்டது. அப்பளம் நொறுக்கியவளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.