கடைசி வளைவு

செஞ்சிக் கோட்டையின் குதிரை லாயத்தை இப்போது சின்ன மியூசியமாக்கி, வளைவுக்கு வளைவு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வேப்பிலை வாசனையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது.

அறுபதுகளில் அக்காவுக்குப் பெரியம்மை போட்டபோது, ஒரே குடிசையில் எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாமல், நைனா அவளை, அப்போது பாழாய்க் கிடந்த இந்த லாயத்தின் கடைசி வளைவில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார். தினமும் வௌவால்கள் கீச்சிட்டுக் கிளம்புகிற நேரத்தில் நான் கூழை வெளியே வைத்துவிட்டுப் பேசாமல் திரும்ப வேண்டும். 'போயிட்டு வரேன்' என்று சொன்னால் ஆத்தாளும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பார்கள்.

அக்கா உள்ளிருந்து சிரிப்பாள். "இன்னாடி, வாய் ஒட்டிக்கிச்சா? வரேன்னு சொல்லிட்டுப் போடி, பயந்தாங்கொள்ளி!"

நாளாக ஆக அந்தச் சிரிப்பு தேய்ந்தது. கடைசியாக, "ஒரு தபா சொல்லேன்டி" என்று மட்டும் கேட்டாள். நான் மாரியாத்தாளைக் கும்பிட்டபடியே ஓடிவந்துவிட்டேன். மறுநாள், இனிமேல் கூழ் கொண்டுபோக வேண்டாம் என்றார் நைனா.

இன்று அந்த வளைவில் பீரங்கிக் குண்டுகள் இருக்கின்றன. "போயிட்டு வாங்கம்மா" என்றார் காவலாளி. பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது, எனக்கும் தெரியும். இருந்தும் கைகூப்பினேனே தவிர, வாய் திறக்கவில்லை.