ஸ்ரனிஸ்லாஸ் ஏறாத பஸ்

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், எங்கள் தெரு முனைத் தரிப்பிடத்தில் பஸ் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. முன்னால் நின்றவர்கள் ஏறுகிறார்கள். ஸ்ரனிஸ்லாஸ் ஏறவில்லை. கைத்தொலைபேசி மேல் குனிந்த தலை குனிந்தபடியே இருக்கிறது. சாரதி ஒரு தரம் கையைக் காட்டிப் பார்க்கிறார், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார். புகை அடங்கிய பிறகு இவர் நிமிர்ந்து, "போட்டுதோ ரீச்சர்?" என்று என்னைக் கேட்கிறார். போய்விட்டது என்கிறேன். இவருக்குத் துணை நின்றதில் என்னுடைய பஸ்ஸும் போய்விட்டது.

"பரவாயில்லை, மற்றது வரும். பிள்ளை இப்பதான் பாலத்துக்குக் கிட்ட வாறாள்."

பிள்ளை இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, எல்டர்விக் என்ற சிறு பட்டணத்தில். பெயர் அமலினி. பலெர்மோவில் பிறந்து, இத்தாலியக் கடவுச்சீட்டு எடுத்து, ஐரோப்பியருக்கு அங்கே கதவுகள் சாத்தப்படுவதற்கு முன்னரே போய்ச் சேர்ந்தவள். ஒரு குடும்பக் கொம்பனியில் பஸ் ஓட்டுகிறாள். அந்தக் கொம்பனியின் செயலியைத் தட்டினால் பட்டணத்தின் வரைபடம் வரும். அதில் சின்னப் பச்சைப் பெட்டிகள் ஊரும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு பஸ். பெட்டியில் விரலை வைத்தால் வண்டியின் இலக்கம் தெரியும். வேலைக்கு ஏறுமுன் அமலினி அன்றைய இலக்கத்தைத் தகப்பனுக்கு அனுப்புவாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஸ்ரனிஸ்லாஸ் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆள் மெலிவு. அறுபதை நெருங்கும் வயது. சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டியிருப்பார், ஓகஸ்ட் வெயிலிலும். கழுத்தில் இரண்டு கயிறு தொங்கும்: ஒன்றில் மாதா படம் தைத்த உத்தரியம், மற்றதில் கைத்தொலைபேசி. இரண்டும் சிக்குப்பட்டுப் போவதால் சில வேளைகளில் மாதாவை இழுத்தால் இங்கிலாந்து வெளியே வரும். காலையில் பச்சைப் பெட்டி முதல் தடவை அசையும்போது, பள்ளிக்கூடம் போகிற குழந்தையின் நெற்றியில் போடுவது போல, பெருவிரலால் அதன் மேல் ஒரு சிறு சிலுவை போடுவார். கண்ணாடித்திரைக்குப் பக்தி தெரியாது. விரல் பட்டதும் வரைபடம் வழுகி, பட்டணம் ஒரு பக்கம் போய்விடும். இவர் அதை மெல்ல இழுத்து, பிள்ளையை மறுபடி நடுவில் வைப்பார்.

வேலை, சினியோரா கத்தரீனாவைப் பார்ப்பது. தொண்ணூறைத் தாண்டிய, கால் நடவாத, வாய் நடக்கிற மனுசி. காலையில் போய்க் குளிக்க வார்த்துச் சமைத்து வைப்பார். பின்னேரம் மறுபடி போய்ப் படுக்க வைப்பார். சினியோராவுக்கும் இந்த வியாதி தொற்றிவிட்டது. சூப்பை ஊட்டும்போது, "பிச்சிரித்தா எங்கே நிற்கிறாள்?" என்று கேட்பாராம். குழந்தை என்று அர்த்தம். அமலினிக்கு முப்பது வயது. "மில் லேன் தாண்டிட்டாள் சினியோரா" என்றால் மனுசி திருப்தியோடு அடுத்த கரண்டிக்கு வாயைத் திறக்கும். இந்த இருவரும் எல்டர்விக்கைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்தத் தரிப்பிடத்துக்குப் பிறகு எந்தத் தரிப்பிடம் என்று செபமாலை போல் சொல்லுவார்கள்.

மனைவி சூசையம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அந்தாளுக்கு விசர், ரீச்சர். பெட்டை பஸ் ஓடுறாளோ, இந்தாள் ஓடுதோ எண்டு எனக்கே விளங்கேல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நிண்டா மட்டும் பாக்கேலாது. பஸ் நிண்டா அந்தாளின்ரை முகத்தைப் பாக்கேலாது" என்றார்.

உண்மைதான். ஓடுகிற பஸ்ஸுக்கு இவர் பயப்படுவதில்லை. நிற்கிற பஸ்ஸுக்குத்தான் பயம். சிவப்பு விளக்கு எங்கே, பாடசாலைக் கடவை எங்கே என்று கேட்டறிந்து வைத்திருக்கிறார். அங்கே நின்றால் மன்னிப்பு உண்டு. விளக்கும் தரிப்பிடமும் இல்லாத இடத்தில் பெட்டி நின்றால் இவருடைய கதையும் பாதியில் நின்றுவிடும். ஒரு நாள் காரணத்தைத் தானாகவே சொன்னார். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு பஸ்ஸில் இவருடைய தம்பி லூர்து இருந்தார். வழியில் மறித்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். பிறகு ஏறச் சொன்னார்கள். பஸ் வந்து சேர்ந்தது, லூர்து வரவில்லை. "பஸ்ஸுக்கு ஒண்டும் நடக்கேல்லை ரீச்சர். ஒரு கண்ணாடிகூட உடையேல்லை. நிண்டது, அவ்வளவுதான்." இதைச் சொல்லும்போது அவர் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார், ஒன்றையும் நசுக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் இங்கிலாந்தின் பல இடங்களில் வெளிநாட்டாரைத் தேடித் தாக்கக் கூட்டங்கள் தெருவில் இறங்கின அல்லவா. அந்த நாட்களில் ஒரு பின்னேரம் பச்சைப் பெட்டி மில் லேனில் நின்றது. விளக்கில்லாத, தரிப்பிடமில்லாத இடம். நின்றது நின்றபடி. ஓட்டும்போது அமலினி கைத்தொலைபேசியைத் தொடக்கூடாது, அது கொம்பனிச் சட்டம். இவர் சினியோராவின் பால்கனியில் போய் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாராம். பிறகு பெட்டி அசைந்தது. ஓட்டியது அமலினி அல்ல. டிப்போ மனேச்சர் கெவின் தன் சொந்தக் காரில் ஓடி வந்து, அவளைக் காரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே ஏறி பஸ்ஸை டிப்போவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தெருவின் அடுத்த முனையில் கல்லோடு ஆட்கள் நின்றார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அன்று முதல் கெவினுக்கும் ஒரு மெழுகுதிரி. நாங்கள் ஞாயிறுகளில் மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போகும்போது, வீட்டு ஆட்களுக்குக் கொளுத்தி முடித்த பிறகு இவர் ஒன்றைத் தனியாக எடுப்பார். "ஆள் என்ன வேதமோ தெரியாது. பரவாயில்லை, தாயார் பாத்துக்கொள்ளுவா."

இனி அந்தக் கொம்பனிக் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பஸ்களைப் படம் பிடிப்பதே பொழுதுபோக்காக உள்ள வயதான மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முகநூலில் ஒரு குழு. ஸ்ரனிஸ்லாஸ் அதில் உறுப்பினர். அந்தக் குழுவில் மீன் குழம்பை விரும்புகிற ஒரே உறுப்பினர் இவராகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் போட்ட படமொன்றில் கண்ணாடிக்குப் பின்னால் அமலினியின் கை மட்டும் தெரிந்தது. அதை வெட்டிப் பெருப்பித்து வைத்திருக்கிறார். இந்த ஆண்டு மாசி மாதத்தில் அதே குழுவில் வேறொரு படம் வந்தது. நூறு மைல் தள்ளி ஒரு வர்ணப்பூச்சுக் கூடத்தின் முற்றத்தில் எல்டர்விக் பஸ் ஒன்று நிற்கிறது. பாதி பச்சை, பாதி வேறொரு பெரிய கொம்பனியின் நீலம்.

மறுநாள் காலை கைத்தொலைபேசியைக் கழுத்திலிருந்து கழற்றியே என் கையில் தந்தார். என்னை எல்லாரும் ரீச்சர் என்பது சனிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதால். மற்ற நாட்களில் நானும் ஒரு பல்வைத்தியரின் கிளினிக்கைக் கூட்டித் துடைக்கிறவள்தான். ஆனாலும் ஆங்கிலம் வாசிப்பேன். படத்தின் கீழே இருந்த செய்தியை வாசித்துச் சொன்னேன். பாட்டன் தொடங்கிய கொம்பனி. பேரப்பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை. சுற்றுவட்டாரத்துச் சின்னக் கொம்பனிகளை இரண்டு பெரிய கொம்பனிகள் ஒவ்வொன்றாக வாங்கி வருகின்றன. இதற்கும் இரண்டும் விலை கேட்டிருக்கின்றன என்று பேச்சு. வாங்கினால் பயணிகளுக்குச் சேவை மேம்படும் என்று ஒரு பேச்சாளர் சொல்லியிருக்கிறார். எந்த நாட்டிலும் எதை விற்றாலும் அதைச் சொல்ல ஒரு பேச்சாளர் இருப்பார் என்றேன். ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

"கெவின் நிப்பாரோ ரீச்சர்? அதைப் போட்டிருக்கோ?"

போடவில்லை. டிப்போவைப் பற்றியும் போடவில்லை. ஒவ்வொரு பந்தியாக மறுபடி வாசிக்கச் சொன்னார். கெவின் எங்கும் இல்லை.

அதற்குப் பிறகான வாரங்கள் நல்லவையாக இருக்கவில்லை. பச்சைப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். ஒன்று குறைந்தால் விற்றுவிட்டார்கள் என்பார். கராஜில் நிற்கும் என்றால் நம்பமாட்டார். சினியோராவின் காப்பியை இரண்டு தரம் பொங்கவிட்டார். ஒரு நாள் தரிப்பிடத்தில் நிற்கும்போது அமலினி கூப்பிட்டாள். நான் கேட்பதற்காக ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அப்பா, ஓம், வித்தாச்சு. சித்திரையோட மாறுது. ஆனா வேலை போகேல்லை. பயப்பிடாதேங்கோ."

"டிப்போ?"

"டிப்போவை மூடுகினம். எங்களைச் சிற்றி டிப்போவுக்கு மாத்துகினம். ஆவான்தி, நடக்கட்டும், பரவாயில்லை அப்பா, தூரம் கனக்க இல்லை."

"கெவின்?"

"கெவினுக்கு அங்கை இடமில்லையாம். கொஞ்சக் காசு குடுத்து வேலையால நிப்பாட்டுகினம்."

"பிள்ளை, நீ புதுசு தானே அங்கை. புது ஆக்களை இரவிலதான் விடுவினம், என்ன?"

"விடட்டும் அப்பா. எல்லாருக்கும்தானே."

பேசி முடிந்த பிறகு ஸ்ரனிஸ்லாஸ் தரிப்பிடத்து இருக்கையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. சப்பாத்துத் தூசியோடு சினியோராவின் வீட்டுக்கு எப்படிப் போகமாட்டாரோ, அப்படியே காற்சட்டை மடிப்பும் குலையக்கூடாது அவருக்கு. "சின்ன இடத்தில ஒருத்தன் பேர் தெரிஞ்சு வந்தான் ரீச்சர்" என்றார். "பெரிய இடத்தில ஆர் வருவினம்? அங்கை அவளை ஆருக்குத் தெரியும்?" எனக்கும் பயமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பஸ் வந்தது. இருவரும் ஏறினோம். அன்றைக்கு அவர் கைத்தொலைபேசியைப் பார்க்கவில்லை, சியாகுல்லித் தோட்டங்களின் மந்தாரின் தோடம்பழப் பெட்டிகள் ஏற்றிய லொறியொன்று முன்னால் போவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கொம்பனி கைமாறுகிற திங்கட்கிழமை வந்தது. பின்னேரம். அவர் சினியோராவைப் படுக்க வைக்கப் போகிற நேரம், நான் மூடிய கிளினிக்கைத் துடைக்கப் போகிற நேரம். தரிப்பிடத்தில் எனக்கு முன்னரே நின்றார். முகம் சரியில்லை. "ரீச்சர், ஒருக்கா பாருங்கோ. எல்டர்விக் இல்லை."

செயலியைத் திறந்தேன். வரைபடம் இருந்தது. தெருக்கள், பாலம், மில் லேன், எல்லாம் இருந்தன. ஒரு பச்சைப் பெட்டியும் இல்லை. கீழே ஒரு வரி: இந்தச் சேவை நிறைவடைந்தது, புதிய செயலியைப் பதிவிறக்கவும். அதை வாசித்துச் சொல்லி, புதியதை இறக்கிக் கொடுத்தேன். அது திறந்ததும் நான்கூடக் கொஞ்சம் திகைத்தேன். பெரிய நகரம். திரை நிறைய நீலப் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. தட்டிப் பார்த்தேன். எந்த ஊருக்குப் போகிறது என்று மட்டும் சொல்லியது. வண்டியின் இலக்கத்தைச் சொல்லவில்லை.

"எந்தப் பாதையாம் அவளுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாதாம். ஓட்டுற ஆள் வராத வண்டி எதிலையும் ஏத்திவிடுவினமாம். ஏறினாப் பிறகு போனை நிப்பாட்டிப்போடுவாள். வேலை முடிய நடுச்சாமம் ஆகும்."

"அப்ப இதிலை ஒண்டுதான்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "இதிலை எங்கையோதான் ஓடுறாள்."

"ஓம்" என்றார். "எங்கையோ."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சில பெட்டிகள் ஊர்ந்தன. பல நின்றன. விளக்கா, தரிப்பிடமா, வேறு ஏதாவதா என்று சொல்ல அந்த நகரத்தை அவருக்குத் தெரியாது. பிறகு உத்தரியக் கயிற்றை ஒரு பக்கமாக விலக்கி, கைத்தொலைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

எங்கள் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பி, "வாங்கோ, சினியோரா பாத்துக்கொண்டிருப்பா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. ஓரத்தில் நின்ற முதல் நீலப் பெட்டியின் மேல் பெருவிரலால் சிலுவை போட்டார். வரைபடம் வழுகியது. இழுத்து நேராக்கி, பக்கத்துப் பெட்டியில் போட்டார். பிறகு அதற்கடுத்ததில்.