பெனினா வீடு எது?

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர் இஸ்ரேலில் சஃபேத். போன பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, மாலை 4.17.

என் நாலு வயது மகள் பெனினா பதினோரு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் கபாலா என்கிற யூத மறைஞானம் சொல்லிக்கொடுக்கிறவன். உயிரின் வேர் பெயரில் இருக்கிறது என்பது எங்கள் போதனை. பெயரை மாற்றிவிட்டால், அழைத்துப் போக வருவது ஆள் தெரியாமல் திரும்பிவிடும். அதனால் திங்கட்கிழமை காலை ஜெபக்கூடத்தில் பத்து ஆண்களை நிறுத்தி அவளுக்கு ஹாயா என்று பெயர் மாற்றினேன். உயிரோடிருப்பவள் என்று அர்த்தம்.

வீடு திரும்பும்போது கீழ்வீட்டுக் கிழவி படியில் வழிமறித்தாள். அவள் பெயரும் பெனினாதான். தண்ணீர் சொட்டுகிறது, நாற்காலி இழுக்கிறோம் என்று பன்னிரண்டு வருஷமாக எங்கள் உயிரை வாங்குகிறவள்.

"ஹாயாவாமே இப்ப? ஏன் வாத்தியாரே, வர்றவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவளை அடிக்காமல் விட்டதே பெரிது.

மறுநாள் 4.17. டக்... டக்... டக்.

கதவைத் திறந்தேன். சாம்பல் நிறத் தலைத்துணி கட்டிய ஒரு பெண். வெளியே மழை கொட்டுகிறது. அவள் செருப்பு காய்ந்திருந்தது. இருபத்திரண்டு கல்படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. எங்கள் வீடுகளுக்கு யார் வந்தாலும் நிலையில் பதித்த வேதச்சுருளைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். இவள் அதைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள்.

"பெனினா வீடு இதுதானே?"

கதவைப் பாதி மூடினேன்.

"இங்க அப்படி யாரும் இல்லம்மா."

"மேல் வீடுன்னுதான் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

அவள் பார்வை என்னைத் தாண்டி உள்ளே போனது... குழந்தையின் கட்டிலுக்கு.

"கீழ் வீட்டுல கேளுங்க. அவதான் பெனினா."

தெரிந்தேதான் சொன்னேன். கிழவி ஒழியட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் இறங்கினாள். காலடிச் சத்தமே இல்லை.

4.21. கீழே... டக்... டக்... டக்.

4.40. மகள் கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். நெற்றி குளிர்ந்திருந்தது.

5.05. கீழே அலறல்.

துக்க வீட்டுக்கு நாலாம் நாள்தான் போனேன். போகாவிட்டால் ஊர் பேசும். கிழவியோடு குடியிருந்த தங்கை ஸரீனா, எங்கள் துக்க வழக்கப்படி தரையோரம் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு ஒருத்தி வந்தா. மேல் வீட்டு ஆளு அனுப்பினாருன்னா. அக்கா சிரிச்சா. 'அவன் புத்தி வேற எங்க போகும்'னா."

நான் தலை நிமிரவில்லை.

"அப்புறம் வந்தவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. மேல் வீட்டுக் குழந்தைக்கு இப்ப என்ன பேருன்னு."

"உங்க அக்கா...?"

"சொன்னா. எழுத்துக் கூட்டிச் சொன்னா."