சம்மட்டி அல்ல, சமஷ்டி

போன செவ்வாய்க்கிழமை, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை ஆள் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் நின்று, "மாஸ்டர், நம்ம சம்மட்டியாரு போயிட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல்தான். செத்த பிறகாவது அந்த மனிதரை ஒழுங்காகச் சொல்ல ஒருவர் இல்லையே என்று இருந்தது.

அவர் பெயர் அங்கமுத்து. வட்டகொடை ஸ்டேசனிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் தபால் பையைச் சுமந்து நடந்தவர். பெரிய கிளாக்கருக்கு வரும் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையின் மேலுறையைக் கிழியாமல் கழற்றி, வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கிளாக்கர் சத்தம்போட்டால், "சேதி நடந்து வருதுங்க, அதான் சுணங்குது" என்பார்.

அந்தப் பத்திரிகைதான் அவரைக் கெடுத்தது. நாடு ஒன்றாக இருக்கட்டும், வடக்கு கிழக்குத் தமிழருக்கு அதற்குள்ளேயே ஒரு மாநில ஆட்சி வேண்டும் என்று யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் சமஷ்டி என்ற கூட்டாட்சி கேட்ட காலம் அது. அங்கமுத்துவோ, "அப்ப நம்ம மலைக்கு?" என்று கேட்டார். எங்கள் ஆட்களின் ஓட்டுரிமையையே அரசாங்கம் பறித்துவிட்டிருந்தது. இவர் தேயிலைப் பெட்டி அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் மலைநாட்டு மாநிலம் வரைந்து, தலைநகரத்தையும் குறித்து வைத்திருந்தார். தலைநகரம் வட்டகொடை! "நுவரெலியா சரிப்படாது மாஸ்டர், குளிருல ஆபீசருங்க கையெழுத்துப் போட முடியாது."

அந்தக் கொள்கைக்காரர்களைப் பத்திரிகை சமஷ்டிக்காரர் என்றது, சில நாள் சமஷ்டிவாதிகள் என்றது. இரண்டுமே இவருக்குப் பிடிக்கவில்லை. "காரன்னா கூலிக்காரன், பால்காரன். வாதின்னா கோர்ட்டுல நிக்கிறவன். நாங்க சமஷ்டியர்." அப்படி ஒரு சொல்லை வேறு எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. "நாங்கன்னா யாரு? இந்தத் தோட்டத்துல ஒங்களத் தவிர இன்னொரு ஆளக் காட்டுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே, "நீங்க வருவீங்கன்னுதான் மாஸ்டர் பன்மையில சொல்றேன்" என்றார். வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று திட்டி அனுப்பினேன்.

லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கு சமஷ்டி என்பது வாயில் நுழையவில்லை. ரோட்டில் கல் உடைக்கும் சம்மட்டிதான் அவர்களுக்குத் தெரியும். அதனால் சமஷ்டியர் சம்மட்டியார் ஆனார். மழைக்காலத்தில் பாறை சரிந்து பாதை அடைபட்டால், புதிதாக வந்தவர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சம்மட்டி கேட்டதும் உண்டு. இதை நினைத்து நானும் சிரித்தவன்தான், பிரசாவுரிமை விசாரணை வரும்வரை.

அவருடைய மனுவை நான்தான் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் தோட்டத் தபால்காரர் என்று தெளிவாக எழுதினேன். விசாரணைக்குச் சாட்சியாகக் கங்காணி முத்துக்கருப்பனை அழைத்துப் போனோம். ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். "இவரை உனக்கு எப்படித் தெரியும்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். கங்காணி மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தெரியாம என்னங்க, நம்ம சம்மட்டிக்காரரு" என்றார்.

விசாரணை அதிகாரி மனுவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். தபால்காரனா, கல்லுடைக்கிறவனா என்று கேட்டார். தபால்காரன் என்று ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? "சம்மட்டி இல்லீங்க, சமஷ்டி" என்று உச்சரிப்பைத் திருத்தினார். திருத்தியதோடு விட்டாரா? மலைநாட்டு மாநிலத்தை எல்லையோடு விளக்கினார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வட்டகொடை வரைக்கும் வந்துதான் நிறுத்தினார். "அப்படியானால் உனக்கு இந்த நாடு வேண்டாம், வேறு நாடு வேண்டும்" என்று சொல்லி அதிகாரி மனுக்கோவையை மூடினார்.

மறுப்புக் கடிதம் அவர் சுமந்துவந்த பையிலேயே வந்தது. மற்றவர்களுடைய கடிதங்களையெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் தன்னுடையதைப் பிரித்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்ன நான் பிரசையானேன். அவர் எந்த நாட்டுக்கும் ஆகாதவரானார். இந்தியப் பிரசாவுரிமைக்காவது எழுதிக்கொடுங்கள் என்று, மனு வாங்கும் இந்தக் கடைசி வருடத்தில் கெஞ்சிப் பார்த்தேன். "அஞ்சாம் நம்பர் லயத்துல பொறந்தவன் அங்க போயி எந்த வீட்டக் கேப்பேன்?" என்றார். அதற்கும் கோபப்பட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், மரண அறிக்கை எழுதத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். முத்துக்கருப்பனும் கூட வந்தார். கிளாக்கர் புதியவர், இளவயது. "தொழில்?" என்றார். யாரும் வாயைத் திறக்கும் முன்னே, "தபால்காரர்" என்றேன். பின்னாலிருந்து கங்காணியின் குரல் வந்தது.

"சமஷ்டியருங்க."

ஒரு எழுத்தும் பிசகவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். "பன்னெண்டு வருசமாக் கொழுந்து மலையில நின்னு சொல்லிச் சொல்லிப் பழகினேங்க மாஸ்டர். இன்னொரு வாட்டி கூப்பிட்டு விசாரிப்பாங்கன்னு பாத்தேன். கூப்பிடவே இல்லீங்க" என்றார். அவர் கண்ணைத் துடைக்கவில்லை. நான்தான் என் கண்ணைத் துடைத்தேன்.

கிளாக்கர் பேனாவை நிறுத்திவிட்டு, "சமஷ்டியரா? அது என்ன வேலை?" என்று கேட்டார். வாசலில் ஆட்கள் காத்து நின்றார்கள். ஒன்றுமில்லை, தபால்காரர் என்றே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் சொல்வான்.

இதைப் படிக்கும், அவரை அறிந்தவர்களே, அவர் வரைந்த அட்டை யாரிடம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பன்மை மட்டும்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளாக்கருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அது வேலை இல்ல தம்பி" என்றேன். "நாங்க என்ன கேக்கிறோம்னா..."